ஒரே கவுன்ட்டர் உள்ள நாடு

முப்பது வருடம் கடவுச்சீட்டில் முத்திரை குத்திப் பிழைத்தவள் நான். மலேசியாவின் கிள்ளானில் வீடு. ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருக்க மறுத்ததால் நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு மேடை நாடகம் போட ஆரம்பித்தேன். எனக்கு நானே கொடுத்துக்கொண்ட வேடம் குடிநுழைவு அதிகாரி. நடிக்கவே வேண்டாம், உட்கார்ந்து முறைத்தால் போதும். அதை யாரோ கைப்பேசியில் பிடித்து வலையில் ஏற்றிவிட, ஒருநாள் ஓசூரிலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, என் பேரு தாமோதரன். படம் எடுக்கேன். நாடு கடத்துறதப் பத்தி ஒரு காமெடிப் படம். அதுக்கு ஒரு ஃபாரின் ஆபீசர் வேணும். நான் ஃபாரின் வர முடியாது. அதனால ஃபாரின் இங்க வரணும்."

ஏன் வர முடியாது என்று கேட்டேன். "வந்தா சொல்லுதேன்" என்றார். இப்படிப் பதில் சொல்பவர்களை நான் பணியில் இருந்தபோது தனியறைக்கு அனுப்பியிருப்பேன். ஓய்வில் இருந்ததால் டிக்கெட் எடுத்தேன்.

திங்கட்கிழமை. பெங்களூரில் இறங்கி டாக்சி பிடித்தேன். ஓட்டுநர் வழியெல்லாம் கைப்பேசியில் கன்னடத்தில் மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தார். மாமியார் என்பது எப்படித் தெரியும் என்றால், அந்தப் பணிவோடு வேறு யாரிடமும் யாரும் சண்டை போட முடியாது. அத்திப்பள்ளி தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டினார். தன் வண்டிக்கு இதற்கு மேல் பர்மிட் கிடையாது, அதோ தெரிகிறதே அதுதான் தமிழ்நாடு, நடந்து போய்விடுங்கள் என்று கன்னடத்திலும் கையிலும் சொன்னார்.

பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் எல்லையை நடந்து கடக்கிறேன். ஒரு ஆள்கூட நிறுத்தவில்லை. எங்கிருந்து வருகிறாய், எதற்கு வருகிறாய், எத்தனை நாள் இருப்பாய், ஒரு கேள்வி இல்லை. இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் ஒருவர் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தார். என் தொழிலையே அவமானப்படுத்தியதுபோல் இருந்தது. ஆத்திரத்தில் ஒரு வெள்ளரிக்காய் வாங்கித் தின்றேன். உப்பும் மிளகாய்த்தூளும் நன்றாகத்தான் இருந்தன.

மறுபக்கம் ஒரு பழைய ஸ்கூட்டரோடு தாமோதரன் என்கிற தாமு நின்றிருந்தார். மெலிந்த ஆள், முப்பத்தைந்து வயதிருக்கும். நான் வருவதைப் பார்த்து இரண்டு எட்டு வைத்தவர் ஒரு கல்லருகே சட்டென்று நின்றுவிட்டார். பெட்டியை வாங்க நாலடி முன்னால் வரக்கூடாதா என்று எனக்கு எரிச்சல்.

"அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாதுக்கா. கோர்ட்டு உத்தரவு."

கதை இதுதான். தாமு கோவில்பட்டிக்காரர். ஊரில் ஒரு பிரமுகர், ஏற்கெனவே திறந்த பாலத்தை மூன்றாவது தடவையும் திறந்து வைத்திருக்கிறார். இவர் அதை வைத்து எட்டு நிமிடத்துக்கு ஒரு நகைச்சுவைப் படம் எடுத்து வெளியிட்டார். ஊர் சிரித்தது, பிரமுகரின் ஆட்கள் சிரிக்கவில்லை. நான்கு ஊர்களில் புகார், கைது, பிறகு நிபந்தனை ஜாமீன். நிபந்தனை என்னவென்றால், சொந்த ஊரில் இருக்கக்கூடாது. மறு உத்தரவு வரும்வரை ஓசூரில் தங்கி, தினமும் காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மாவட்டத்தைத் தாண்டக்கூடாது. நாட்டை விட்டு அனுப்பாமலே நாடு கடத்தும் இந்த ஏற்பாட்டைப் பார்த்து நான் அசந்துபோனேன். விமானச் செலவுகூடக் கிடையாது.

"சும்மா உக்காந்திருக்க முடியலக்கா. அதான் இதையே படமா எடுக்கேன்" என்றார்.

அன்று தங்குவதற்கு அவருடைய வீட்டு உரிமையாளர் வெங்கடம்மாவின் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. அறுபது வயது, கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். மாட்டிடம் தெலுங்கும், காய்காரரிடம் கன்னடமும், குடியிருப்பவர்களிடம் தமிழும் பேசுவார். நிலத்தின் பாதியைத் தொழிற்சாலைக்கு விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் வரிசையாகப் பன்னிரண்டு அறைகள் கட்டி, தொழிற்சாலைப் பையன்களுக்கே வாடகைக்கு விட்டிருக்கிறார். விழுப்புரம், சிவகங்கை, ஒடிசா, பீகார் என்று ஆளுக்கொரு ஊர். யார் எதற்கு ஊரை விட்டு வந்தார் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல ஊர் கிடைக்காது.

இரவுச் சாப்பாடு ராகிக் களியும் கோழிக்குழம்பும். களியை மென்று பார்த்தேன். வெங்கடம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"அய்யய்யோ, மெல்லக் கூடாதுமா, முழுங்கணும். பல்லு பட்டா களிக்கு மரியாத இல்ல."

முழுங்கினேன். மூன்றாவது உருண்டையில் எனக்கும் களிக்கும் சமாதானம் ஏற்பட்டுவிட்டது.

செவ்வாய்க்கிழமை. காலையில் பசியாறியதும் தாமு சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு ஒன்பதரைக்குக் கிளம்பினார். நானும் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டேன். வெங்கடம்மா என் காதருகே வந்து, "நல்ல கம்பெனிமா இவனுது. ஒம்பதரைக்குப் போறான், பத்தரைக்கு வந்துடறான். ஒரு மணி நேரந்தான் ட்யூட்டி. என் தங்கச்சி மகனுக்கும் அங்க ஒரு வேலை சொல்லுன்னு மாசக்கணக்கா கேக்கறேன், வாயே தெறக்க மாட்டேங்கறான்" என்றார். தாமு ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார். அது கிளம்பவில்லை. அவர் காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

காவல் நிலையத்தில் ஏட்டு முனிரத்தினம் நோட்டை நீட்டினார். பருத்த மீசை, தூக்கம் போதாத கண். தாமு கையெழுத்துப் போட்டார். நோட்டில் வரிசையாக அதே கையெழுத்து, பக்கம் பக்கமாக. பள்ளிக்கூடத்தில் தப்பு செய்த பிள்ளை எழுதும் தண்டனை வரிகள் மாதிரி. ஏட்டு என்னைப் பார்த்து யார் என்றார். அத்தை என்றார் தாமு. மலேசியாவிலிருந்து வந்த அத்தை என்றதும் ஏட்டு, அங்கே மைசூர்பாகு கிடைக்குமா என்று விசாரித்தார்.

வெளியே டீக்கடையில் தாமு விஷயத்தைச் சொன்னார். ஊரில் அவர் மனைவி கனகாவுக்கு நிறைமாதம். மருத்துவர் சொன்ன தேதி அடுத்த புதன்கிழமை. நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டுப் போட்ட மனு இந்த வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வருகிறது. கிடைத்தால் வெள்ளி இரவே பஸ் ஏறிவிடலாம்.

"அதுக்குள்ள ஒரு நாள் கையெழுத்து விட்டாலும் போச்சு, இன்னொரு புகார் வந்தாலும் போச்சு. ஜாமீனே ரத்தாயிரும்க்கா."

"அப்படியிருக்கும்போது படம் எடுக்கணுமா?" என்றேன்.

"எடுக்கலேன்னா பைத்தியம் பிடிச்சிரும்."

பிறகு, என் பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, என் பழைய வேலையைப் பற்றிக் கேட்டார். கேள்வி கேட்டுத் தொல்லை பண்ணுகிறவர்களை என்ன செய்வீர்கள்? நான் பெருமையாகவே சொன்னேன். "அடுத்த கவுன்ட்டருக்குப் போங்க என்பேன். அங்கே இருப்பவரும் அதையே சொல்வார். வரிசையாகப் பன்னிரண்டு கவுன்ட்டர். கடைசிக்குப் போவதற்குள் கேள்வி மறந்துவிடும்." தாமு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்து நான் முதல்முறையாகப் பார்த்தது அப்போதுதான்.

புதன்கிழமை ஒத்திகை. படத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாட்டில் ஒரு தையல்காரர். அதிபருக்குச் சட்டை தைப்பவர். தீபாவளி நெருக்கடியில் அதிபரின் இடுப்பளவை வாய்தவறிக் கடையில் சொல்லிவிடுகிறார். நாற்பத்தெட்டு. அரசு விளம்பரங்களில் அதிபருக்கு முப்பத்திரண்டு. தேச ரகசியத்தை வெளியிட்டதற்காக அவரைத் தையல் மிஷினோடு நாடு கடத்துகிறார்கள். பக்கத்து நாட்டு எல்லையில் இருக்கும் அதிகாரி நான். என்னிடம் ஒரே ஒரு முத்திரைதான் உண்டு. அதில் 'அனுமதி இல்லை' என்று இருக்கும். தையல்காரர் முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் போக முடியாமல் எல்லைச் சாவடியிலேயே குடியிருந்து எனக்குச் சீருடை தைத்துக் கொடுக்கிறார்.

தையல்காரராக நடிப்பவர் அருள்ராஜ். கிருஷ்ணகிரிக்காரர், தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராகப் படப்பிடிப்புக்கு வருவார். நாடு கடத்தப்பட்டவரின் களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது. பாதி வசனத்தில் தூங்கியும் போவார். அதையும் தாமு நடிப்பென்றே எடுத்துக்கொண்டார்.

எல்லைச் சாவடிக்கு ஆன செலவைப் பார்த்தால் எந்த நாடும் பொறாமைப்படும். தகரக் கொட்டகை ஒன்று, மேசை ஒன்று. பன்னிரண்டு கவுன்ட்டர் எல்லாம் கட்டுப்படியாகாது, ஒன்றே ஒன்று. குறுக்குக் கம்பம் மட்டும் அசல். வரிச் சாவடிகளை எடுத்தபோது கழற்றிப் போட்டது, குந்தாரப்பள்ளிச் சந்தையில் பழைய இரும்புக்காரரிடம் கிடைத்ததாம். என் சீருடையைத் தைத்தவர் தொழிற்சாலைக் காவலாளிகளுக்குத் தைப்பவர். தோளில் பட்டை, நெஞ்சில் பித்தளை விசில், தலையில் தொப்பி. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்னிடம் கடவுச்சீட்டைக் காட்டத் தோன்றியது.

இதையெல்லாம் கர்நாடகாவுக்குப் போகும் ஒரு கிளைச்சாலையில், எல்லைக்கல்லுக்கு இருபதடி இந்தப் பக்கம் நிறுத்தினோம். ஊராட்சியில் வாய்மொழியாகச் சரி என்றிருந்தார்கள். அருள்ராஜ் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து நடந்து வர வேண்டும். தாமு கல்லைத் தாண்டாமல், இந்தப் பக்கம் நின்றபடியே அடுத்த மாநிலத்தை இயக்கினார்.

வியாழக்கிழமைதான் வினை வந்தது. காலை ஆறரைக்குப் படப்பிடிப்பு. ஒன்பதரைக்குள் முடித்துவிட்டுத் தாமு கையெழுத்துக்குப் போக வேண்டும். கம்பத்தை இறக்கினோம். அருள்ராஜ் தலையில் தையல் மிஷினோடு நின்றார். நான் மேசையில் உட்கார்ந்து முறைத்தேன். அப்போது ஒரு லாரி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி, பிளாஸ்டிக் பையிலிருந்து காகிதக் கட்டை எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

தாமு ஏற்பாடு செய்த துணை நடிகர் என்று நான் நினைத்தேன். நான் கூட்டி வந்தவர் என்று தாமு நினைத்தார். ஆள் அவ்வளவு இயல்பாக நடித்தார். பயம், பணிவு, லேசான அவசரம், எல்லாம் அளவாக இருந்தது. மூன்று தடவை எடுத்தோம். மூன்று தடவையும் பின்னால் போய் மறுபடி நடந்து வந்து காகிதத்தை நீட்டினார். ஒரு கேள்வி கேட்கவில்லை. சாவடி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நான்காவது தடவைக்குத் தலையைத் தூக்கினால், பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் லாரிகள். நெடுஞ்சாலையில் ஏதோ வேலை என்று வண்டிகளை எங்கள் சாலையில் திருப்பிவிட்டிருக்கிறார்கள், எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கம்பத்தைப் பார்த்ததும் ஒவ்வொருவராக வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். ஹாரன்கூட அடிக்கவில்லை. நடுவே ஒரு கம்பெனி பஸ் முந்தப் பார்த்து எதிரே வந்த முட்டைக்கோஸ் டிராக்டரோடு முட்டிக்கொண்டு நிற்க, சாலை இறுகிவிட்டது. மணி ஒன்பதே கால்.

"கம்பத்தத் தூக்குங்க! எல்லாரையும் போகச் சொல்லுங்க!" என்று தாமு கத்தினார்.

தூக்கினோம். யாரும் போகவில்லை. முதல் ஓட்டுநர் ஹரியானாக்காரர். அவர் இந்தியில் சொன்னதை அருள்ராஜ் தமிழில் சொன்னார்: "முத்திரை இல்லாம எப்படிப் போறது, அடுத்த சாவடியில கேப்பாங்க, அப்பறம் திரும்ப இவ்ளோ தூரம் வரணும், அப்படீங்கறாரு." இது சாவடியே இல்லை, சினிமா என்று அருள்ராஜ் அவரிடம் விளக்கினார். ஓட்டுநர் என் தொப்பியைப் பார்த்தார், விசிலைப் பார்த்தார், புரிந்துகொண்டதுபோல் சிரித்தார். மேடம் கோபமாக இருக்கிறார், கொஞ்ச நேரம் நிற்கட்டுமா என்றார்.

தாமு ஸ்கூட்டரைக் கிளப்பப் பார்த்தார். கிளம்பவில்லை. கிளம்பியிருந்தாலும், ஓசூர்ப் பக்கத்திலும் எதிரே வந்த வண்டிகள் சாலையை அடைத்து நின்றன. காவல் நிலையம் எட்டு கிலோமீட்டர். அவர் முகம் வெளிறிவிட்டது. தானே கட்டிய எல்லையில் மனிதர் மாட்டிக்கொண்டார்.

நான் எழுந்தேன். வசனப் பிரதியை எடுத்து, பக்கங்களை நான்கு நான்காகக் கிழித்து, ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் முத்திரையைக் குத்த ஆரம்பித்தேன். அனுமதி இல்லை. அடுத்தவர். அனுமதி இல்லை. அடுத்தவர். முப்பது வருடப் பழக்கம், கை தானாகப் போனது. ஹரியானாக்காரர் சீட்டை நெற்றியில் ஒற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார். ஆந்திரா, மகாராஷ்டிரா, பஞ்சாப், எல்லாரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு நாமக்கல்காரர் மட்டும் படித்துப் பார்த்தார்.

"மேடம், அனுமதி இல்லைன்னு போட்டிருக்குதுங்களே?"

"ஆமாம்."

"அப்ப போலாமுங்களா?"

"போங்க."

"சரிங்க" என்று போய்விட்டார். மறுப்புச் சீட்டானாலும் சீட்டு கையில் இருந்தால் போதும். எழுத்தில் இருக்கிறதல்லவா.

பத்து மணியும் ஆகிவிட்டது. தாமு எல்லைக்கல்லின் மேல் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் நிமிராமல் குத்திக்கொண்டே இருந்தேன். ஹெல்மெட் போட்ட ஒருவர் கையை நீட்டினார். சீட்டைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஹெல்மெட்டைக் கழற்றினார். பருத்த மீசை. ஏட்டு முனிரத்தினம். எல்லைக்கு அந்தப் பக்கம் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டு வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர், கம்பெனி பஸ்ஸுக்குப் பின்னால் பைக்கை நிறுத்திவிட்டு, நடந்து வந்து வரிசையில் நின்றிருக்கிறார்.

"இன்னாய்யா இது?" என்றார் தாமுவைப் பார்த்து. பிறகு என்னைப் பார்த்தார். "அத்தை?"

"ஷூட்டிங் சார்" என்றார் தாமு. கல்லிலிருந்து எழுந்து நின்றார்.

ஏட்டு கையிலிருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தார். "இத எதுக்கு எனக்கு அடிச்சீங்க?"

"நீங்க வரிசையில நின்னீங்க" என்றேன்.

அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். போலிச் சாவடி வைத்ததாக அறிக்கை எழுதலாம். எழுதினால் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மேலே கேட்பார்கள். இருபது நிமிடம் வரிசையில் நின்று முத்திரை வாங்கினேன் என்று எழுத வேண்டும். அதுவும் பத்து மணிக்கு நிலையத்தில் இருந்திருக்க வேண்டியவர். சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"இந்தக் கம்பத்த இன்னிக்கே பிரிச்சுப் போடு. ஏறுய்யா வண்டியில."

பைக்கை வயல் வழியாக இந்தப் பக்கம் கொண்டுவந்து, தாமுவை ஏற்றிக்கொண்டு வரப்பு வழியாகவே போனார். கடிகாரத்தில் பத்தே முக்கால் ஆனபோது நோட்டில் பத்து மணி என்று எழுதி கையெழுத்து விழுந்ததாம். இரண்டு பேருமே பத்து மணிக்கு அங்கே இருந்தார்கள் என்று நோட்டு சொல்கிறது.

வெள்ளிக்கிழமை. கம்பத்தைப் பிரித்தாயிற்று. கொட்டகையையும் மேசையையும் வெங்கடம்மாவின் மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டோம், கடைசிக் காட்சி பாக்கி இருந்தது. தாமு காலையிலேயே துணிமணிகளைப் பையில் அடைத்து வைத்திருந்தார். குழந்தைக்கு ஒரு மஞ்சள் சட்டையும் வாங்கியிருந்தார், என் உள்ளங்கை அளவு. மதியம் மூன்று மணிக்கு வக்கீல் அழைத்தார். தாமு கேட்டுக்கொண்டார், சரி சார் என்றார், வைத்துவிட்டார். கோப்பு வந்து சேரவில்லையாம். மூன்று வாரம் தள்ளிவைத்துவிட்டார்கள்.

அடுத்த புதன்கிழமைக்கும் மூன்று வாரத்துக்கும் நடுவில் என்ன நடக்கும் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். நேற்று எங்கள் கம்பத்துக்கு அடியில் இந்தியாவின் பாதி லாரிகள் போயின. ஒரு கோப்பால் மட்டும் வர முடியவில்லை. எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் தொப்பியைத் தூக்கி எறிந்தேன். மாடு மிரண்டது.

வெங்கடம்மா வந்து, "இன்னாப்பா, கம்பெனியில லீவு குடுக்கலியா?" என்று கேட்டார். "குடுக்கலம்மா" என்றார் தாமு. "பொண்டாட்டி பிரசவத்துக்குக்கூடவா? நாசமாப் போற கம்பெனி. என் தங்கச்சி மகனுக்கு அந்த வேலையே வேணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த வாரத்தில் நான் கேட்ட நியாயமான தீர்ப்பு அது ஒன்றுதான்.

"வெளிச்சம் போகுது, எடுத்துருவோம்" என்றார் தாமு.

கடைசிக் காட்சியில் தையல்காரர் அதிகாரியிடம் ஒரு கேள்வி கேட்பார். அதற்கு நான் சொல்ல வேண்டிய வசனம் இருந்த பக்கம் நேற்று ஏதோ ஒரு லாரியில் ஏறிப் போய்விட்டது. தாமுவுக்கும் அது நினைவில் இல்லை. "அக்கா, வேலையில என்ன சொல்வீங்களோ அதையே சொல்லுங்க" என்றார்.

அருள்ராஜ் மேசை முன்னால் வந்து நின்றார். இந்த முறை தூங்கவில்லை. "வீட்டுக்கு எப்பங்க போலாம்?" என்று கேட்டார்.

என் வாய் தானாகத் திறந்தது. "அடுத்த கவுன்ட்டருக்குப் போங்க."

அருள்ராஜ் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். ஒரு பக்கம் மாடு, இன்னொரு பக்கம் வைக்கோல். வேறு கவுன்ட்டர் இல்லை. தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு என் மேசையைச் சுற்றி நடந்து, மறுபடி என் முன்னாலேயே வந்து நின்றார். சுற்றி நின்ற பையன்கள் சிரித்துவிட்டார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் தாமு. காட்சியே கெட்டுப்போகும் அளவுக்குச் சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார், பிறகு முகத்தை முழங்காலுக்குள் வைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது. யாரும் பக்கத்தில் போகவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருடத்தில் எத்தனை பேரை அப்படிச் சுற்ற விட்டேன் என்று நினைத்துப் பார்த்தேன். அவர்களில் ஒருவர் பையிலாவது ஒரு மஞ்சள் சட்டை இருந்திருக்கும். நான் திறந்து பார்க்கச் சொன்னதெல்லாம் பைகளைத்தான், கேட்க வேண்டியதைக் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை பிற்பகல் எனக்கு விமானம், காலையிலேயே கிளம்பினேன். இரண்டு மாநில பர்மிட்டும் உள்ள காரை வெங்கடம்மா பிடித்துக் கொடுத்தார். கூடவே ஒரு கிலோ ராகி மாவு. தாமு ஸ்கூட்டரில் எல்லைவரை வந்தார். கல்லருகே நிறுத்தினார். நானும் காரை நிறுத்தி இறங்கினேன். வெள்ளரிக்காய்க்காரர் என்னை அடையாளம் கண்டு கையசைத்தார்.

முட்டாள்தனமாக ஒரு கேள்வி கேட்டேன். "எப்போ தம்பி ஊருக்குப் போவே?"

தாமு நெஞ்சை நிமிர்த்தி, என்னைப் போலவே முறைத்தார். "அடுத்த கவுன்ட்டருக்குப் போங்க" என்றார்.

கார் எல்லையைக் கடந்தது. இந்த முறையும் யாரும் என்னை நிறுத்தவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். மணி ஒன்பது நாற்பது.